நீலச் சோடா ஜெயித்த மத்தியானம்

போன நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்தைய மாசி மாதம். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். சம்பா அறுவடை முடிந்து, நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் குவியல் குவியலாக நெல் கிடந்தது. அந்தக் களத்தில், உச்சி வெயிலில், ஊரே பார்க்க நான் என் நாத்தனாரோடு சண்டை போட்டேன். சண்டை ஒரு சோடாவுக்காக.

எனக்கு நயமாகப் பேச வராது. மனதில் பட்டதைச் சொல்லிவிடுவேன், அதுவும் கொஞ்சம் சத்தமாக. அப்படியேதான் எழுதவும் போகிறேன்.

எங்களுடையது சோடா கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், கேஸ் ஏற்றும் மிஷின், பாட்டில் கழுவும் தொட்டி, அவ்வளவுதான். கோலி சோடா, பன்னீர் சோடா. என் மாமனார் ஆரம்பித்தது. அவர் போகும்போது பாதியை என் கணவருக்கும் பாதியைத் தன் மகளுக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் என்றால் என் நாத்தனார். புருஷன் வீட்டில் ஒத்துவராமல் பெண் குழந்தையோடு திரும்பி வந்து அடுத்த தெருவில் இருக்கிறாள். எங்களுக்காவது ஒரு துண்டு வயல் இருக்கிறது. அவளுக்கு அந்த ஷெட்டை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

அந்த வருஷம் தை முடியும்போதே எங்களுக்கு ஒரு அடி விழுந்தது. எங்கள் சோடாவை மொத்தமாக எடுத்து, தன் கடையிலும் சுற்று வட்டாரக் கடைகளிலும் போடுகிறவர் ஒரு பாய். களத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் அவர் கடை. அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "தங்கச்சி, பன்னீரை மட்டும் வச்சுக்கிட்டு இந்தக் கோடைய ஓட்ட முடியாது. பெரிய கம்பெனிக்காரன் பிரிட்ஜ் குடுத்துட்டான், அவன் சரக்கை அடுக்கவே இடம் பத்தல. புதுசா ஒண்ணு கொண்டாங்க. ஒண்ணு போதும், ஆனா ஓடணும். இல்லன்னா என்னைத் தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைத்தேன். அங்கேயே திட்டியும் விட்டேன். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை.

புதிதாக ஒன்றுதான் போட முடியும். எங்களிடம் இருக்கும் கோலி பாட்டில்கள் அவ்வளவுதான், உடைந்தால் மாற்று வாங்குவதும் இப்போது லேசில்லை. அந்த ஒன்று எது என்பதில் ஆரம்பித்தது வினை. நான் இஞ்சி எலுமிச்சை என்றேன். வெயிலுக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது. என் கணவர் நன்னாரி என்றார். நாத்தனார் நீலம் என்றாள்.

நீலம் என்றால் சுவை ஒன்றும் இல்லை, சாயமும் சர்க்கரையும் ஏதோ ஒரு ஐஸ்கிரீம் வாசனையும். பட்டுக்கோட்டையில் ஒரு கடையில் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். குடித்தால் நாக்கு நீலமாகிவிடும். குடித்தவர்கள் ஒருத்தருக்கொருத்தர் நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டு இன்னொன்று வாங்கினார்களாம். "அண்ணி, காலம் மாறிப்போச்சு. எவன் இன்னைக்கு வயித்துக்கு நல்லதுன்னு சோடா குடிக்கிறான்?" என்றாள். "அதுக்கு இங்க் பாட்டிலைக் குடிக்கச் சொல்லுடி" என்றேன். ஒரு வாரம் இரண்டு பேரும் ஒரே ஷெட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்த்தோம். அவள் அண்ணனிடம் சொல்வாள், அவர் என்னிடம் சொல்வார், நான் அவரைத் திட்டுவேன்.

கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. களத்துல சாக்கு வரலேன்னு அத்தனை பேரு சும்மா உக்காந்திருக்கான். கொண்டுபோய் ஊத்திக் குடுத்துக் கேளுங்க. அவங்க எதைச் சொல்றாங்களோ அதைப் போடுவோம்" என்றார்.

அப்படித்தான் போட்டி வந்தது. நாலு வகை தயார் செய்தோம். நாலாவது நார்த்தங்காய். அதற்கென்று யாரும் சண்டை போடவில்லை. கொல்லையில் காய்த்துக் கிடந்தது, பிழிந்து உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து வைத்தோம்.

ஓட்டுக்குச் சீட்டெல்லாம் கிடையாது. உடைந்த பாட்டில்களிலிருந்து எடுத்த கோலிகள் எங்களிடம் ஒரு வாளி நிறைய உண்டு. மூடியில் ஓட்டை போட்ட நாலு பெயிண்ட் டப்பாக்கள், ஒவ்வொரு டப்பாவுக்கு முன்னாலும் அந்தந்த சோடா பாட்டில். நாலையும் சின்ன டம்ளரில் குடித்துப் பார்க்க வேண்டும், பிடித்த ஒன்றின் டப்பாவில் ஒரு கோலியைப் போட வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு கோலி. தேர்தல் மாதிரியேதான்.

களத்தில் இருந்தவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். நெல்லைக் கொட்டிவிட்டு ஈரப்பதம் பார்க்கவும் சாக்குக்கும் காத்துக் கிடக்கிற விவசாயிகள், மூட்டை தூக்குகிறவர்கள், டிராக்டர்காரர்கள், சேலம் பக்கத்திலிருந்து அறுவடை மிஷின் ஓட்ட வந்த இளைஞர்கள் என்று நல்ல கூட்டம். "சோடா குடுத்து ஓட்டு வாங்குறாங்கப்பா, கேஸ் போடுங்க" என்று ஒருத்தர் கத்தினார். "பிரியாணி எப்ப வரும்?" என்றார் இன்னொருத்தர்.

நான் இஞ்சி எலுமிச்சை டப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, சும்மாதான் நின்றேன். ஆனால் என் முகம் சும்மா இருக்காது. நாத்தனார் தன் வீட்டு ஐஸ் பெட்டியில் நீலத்தை வைத்துக்கொண்டு, சிரித்துச் சிரித்து ஊற்றிக் கொடுத்தாள். மற்ற மூன்றும் ஈரச்சாக்கில் சுற்றிக் கிடந்தன. கோலி டப்பாவுக்குள் விழும்போதெல்லாம் 'டங்' என்று சத்தம் கேட்டது. நீலத்தில் விடாமல் கேட்டது.

எண்ணுவதற்குப் பாயைக் கூப்பிட்டோம். அவர் கோலி உருளாமல் இருக்கக் கோணிச்சாக்கை விரித்து, டப்பா டப்பாவாகக் கவிழ்த்து, நாலு வரிசையாக அடுக்கினார். எண்ண வேண்டிய அவசியமே இல்லை. நீலத்தின் வரிசை சாக்கின் முக்கால் தூரத்துக்கு ஓடியது. இஞ்சி பாதியில் நின்றது. நன்னாரி அதற்கும் கொஞ்சம் கீழே. நார்த்தங்காய் எல்லாவற்றிலும் குட்டை. மிஷின்காரப் பையன்கள் விசில் அடித்து நீல நாக்கை நீட்டினார்கள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

முதலில் ஐஸ் பெட்டியைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்ததால்தான் குடித்தார்கள், இது கள்ளத்தனம் என்றேன். அதற்கு யாரும் அவ்வளவாக அசையவில்லை. அடுத்து மிஷின்காரர்களைப் பிடித்தேன். "இவங்க நாளைக்கு மிஷினை லாரில ஏத்திக்கிட்டு ஊருக்குப் போயிடுவாங்க. நம்ம ஊரு சோடா எதுன்னு இவங்க சொல்றதா? இவங்க கோலியெல்லாம் செல்லாது!" என்று கத்தினேன்.

அவர்களில் ஒருத்தன் அமைதியாகக் கேட்டான். "ஏனுங்க்கா, ஊத்திக் குடுக்கறப்ப எந்த ஊருன்னு கேக்கலீங்களே?"

களமே சிரித்தது. பாய் என்னைப் பார்த்து, "விடும்மா, குடிச்சவன் எவனா இருந்தாலும் குடிச்சவன்தான்" என்றார். எனக்கு முகம் எரிந்தது. இருந்தாலும் விடவில்லை. ஏற்கெனவே கட்டி வைத்திருந்த நெல் மூட்டை அடுக்கின் மேல் ஏறி நின்றுகொண்டு, "இந்த நீலத்தைக் காசு குடுத்து வாங்கிக் குடிக்க மாட்டேன்கிறவங்கல்லாம் கை தூக்குங்க!" என்றேன்.

தூக்கினார்கள். பாதிக்கு மேல் கைகள். முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் இரண்டு கையையும் தூக்கினார். "பாத்தியாடி? இதுதான் நீ ஜெயிச்ச லட்சணம்" என்று நாத்தனாரைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. "நீங்க ஜெயிச்சிருந்தா இப்படிக் கை தூக்கச் சொல்லியிருப்பீங்களா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள்.

   மெதுவாக மூட்டை அடுக்கிலிருந்து இறங்கினேன்.

அந்த நேரத்தில் பேசியது ஒரு அம்மா. குத்தகைக்கு நிலம் பிடித்துச் சாகுபடி செய்கிறவர். தன் நெல் குவியலுக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், இருந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"ஏம்மா, ரெண்டு பேரும் நிறுத்துங்க. நான் உண்மையைச் சொல்லவா? எனக்குப் பிடிச்சது நார்த்தங்கா. உப்பும் புளிப்புமா நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த டப்பால சத்தமே கேக்கல. ஜெயிக்காததுல போட்டு கோலியை வீணாக்குவானேன்னு இஞ்சில போட்டுட்டேன். இவ வேற பக்கத்துலயே நின்னு முறைச்சா."

"எனக்கும் நார்த்தங்காதான்" என்றார் ஒரு மூட்டைக்காரர். "அதுல விழற மாதிரி தெரியல. நன்னாரில போட்டேன்."

இன்னும் இரண்டு மூன்று பேர் அதையே சொன்னார்கள். சத்தத்தைக் கேட்டு, எது ஜெயிக்கும் எது தோற்கும் என்று கணக்குப் போட்டு, தன் நாக்குக்குப் பிடித்ததை விட்டுவிட்டு வேறு எதிலோ போட்டிருக்கிறார்கள். ஒரு வாய் சோடாவுக்கு!

அந்த அம்மா விடவில்லை. "சோடாவுக்கு மட்டுமா இதைப் பண்றேன்? எம்.பி. எலெக்சன்லயும் இதைத்தான் பண்றேன். நிக்கிறவங்கள்ல எனக்கு ரெண்டு பேரைப் பிடிக்கும். ஒருத்தருக்குப் போட்டா இன்னொருத்தருக்குக் குறையும். ரெண்டு பேருக்கும் பிரிஞ்சுபோனா, எனக்குப் பிடிக்கவே பிடிக்காத மூணாவது ஆளு உள்ள பூந்துடுவான். அதனால மனசுக்குப் பிடிச்சவரை விட்டுட்டு, ஜெயிக்கிற மாதிரி தெரியிறவருக்குப் போட்டுட்டு வந்து, அஞ்சு வருஷம் உக்காந்து திட்டுறேன்."

 களத்தில் ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். எனக்கும் உறைத்தது. நீலத்தை எதிர்த்தவர்கள்தான் அதிகம், ஆனால் மூன்று டப்பாவுக்குப் பிரிந்து கிடந்தார்கள். நீலத்துக்காரர்கள் ஒரே டப்பாவில் நின்றார்கள், ஜெயித்தார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. நாங்கள் கேட்ட கேள்விதான் தப்பு. ஆளுக்கு ஒரு கோலி கொடுத்து ஒன்றை மட்டும் சொல் என்று கேட்டால், இப்படித்தான் பதில் வரும்.

பாய் சாக்கில் கிடந்த கோலிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் கடைக்காரன். எனக்கு எது ரொம்பப் பிடிக்கும்னு தெரிஞ்சு ஆகப்போறது ஒண்ணுமில்ல. எதெல்லாம் காசு குடுத்து வாங்குவேன்னு சொன்னாத்தான் எனக்குப் பிரயோசனம். ஒருத்தன் ரெண்டையும் வாங்குவான், மூணையும் வாங்குவான். வாங்குவேன்னு தோணுற எல்லா டப்பாலயும் ஒவ்வொரு கோலி போடச் சொன்னா என்ன?"

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். ஜெயித்தவள் அவள். பேசி வைத்த விதிப்படி ஜெயித்திருக்கிறாள். முடியாது என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், அதிலும் எல்லோரையும் திட்டிக்கொண்டே செய்திருப்பேன்.

அவள், "சரி, மறுபடி போடுவோம்" என்றாள்.

மிஷின்காரன் ஒருத்தன் எழுந்து, "எதுக்குங்க்கா? நம்ம நீலம்தான் ஜெயிச்சிருச்சுங்களே" என்றான்.

"ஜெயிச்சது உங்க நீலம் இல்ல தம்பி, என் நீலம். அதை வித்து சாப்பிட வேண்டியவ நான்" என்றாள்.

ஆனால் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை, நிபந்தனை போட்டாள். அவள் அப்பா மாதிரி. டப்பாவுக்குள் துணி போட வேண்டும், கோலி விழும் சத்தம் யாருக்கும் கேட்கக் கூடாது. நாலு சோடாவையும் ஒரே ஐஸில் வைக்க வேண்டும். ஊற்றிக் கொடுப்பதும் எண்ணுவதும் பாய் மட்டும். "அண்ணி இந்தப் பக்கமே வரக்கூடாது. நானும் வரமாட்டேன்." கடைசியாக, என்ன வந்தாலும் அதோடு சரி, மூன்றாவது தடவை கிடையாது. இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். சரி என்று தலையாட்டினேன்.

நாங்கள் இரண்டு பேரும் ரோட்டோரத்தில் வாய்க்கால் மதகு மேல் களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். மேட்டூர் அணையை மூடிவிட்டதால் வாய்க்காலில் தண்ணீர் இல்லை, சேறுதான். எனக்கு உட்கார முடியவில்லை. "ஏண்டி, ஜெயிச்சதை எதுக்கு விட்டுக்குடுத்த?" என்று கேட்டேன்.

"விட்டெல்லாம் குடுக்கல. இப்பவும் நீலம்தான் வரும்னு நினைக்கிறேன்" என்றாள். பிறகு சேற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க கை தூக்கச் சொன்னீங்கல்ல, அந்தக் கையெல்லாம் நான் எண்ணிப் பாத்தேன் அண்ணி. அத்தனை பேருக்குப் பிடிக்காததைப் போட்டு, வைகாசில பெட்டி பெட்டியாத் திரும்பி வந்தா, உங்களுக்கு வயல் இருக்கு. நான் புள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவேன்? ஜெயிச்சேன்னு சொல்லிக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கவா?"

ஒரு வாரமாக நான் அவளோடு சண்டை போட்டது என் இஞ்சிக்காக. அவள் போட்டது பிழைப்புக்காக. எனக்கு அது அன்றைக்கு அந்த மதகில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வராது. முந்தானையால் அவள் தலையில் ஒட்டியிருந்த நெல் தூசியைத் தட்டிவிட்டேன். "அடிக்காதீங்க அண்ணி" என்றாள், சிரித்தாள்.

பாய் கூப்பிட்டார். போனோம்.

சாக்கில் நாலு வரிசை. இந்தத் தடவை ஒரு வரிசை சாக்கு முழுக்க ஓடி, விளிம்பைத் தாண்டி, தரையில் இறங்கியிருந்தது. நார்த்தங்காய். முதலில் கடைசியாக வந்த அதே நார்த்தங்காய். அடுத்ததாக இஞ்சி, அதை ஒட்டி நன்னாரி. நீலம் முன்பு எவ்வளவு தூரம் ஓடியதோ கிட்டத்தட்ட அவ்வளவே. அதை விரும்புகிறவர்கள் எல்லோரும் முதலிலேயே போட்டுவிட்டார்கள். புதிதாக அந்தப் பக்கம் வர ஆள் இல்லை.

நீலத்துக்காக விசில் அடித்த மிஷின்காரன், "நானும் நார்த்தங்கால ஒண்ணு போட்டனுங்க. வெயிலுக்கு அது தேவலைங்க" என்றான். எங்கள் வீட்டு மூன்று பேரில் யாருக்குமே அது முதல் விருப்பம் இல்லை. எல்லோருக்கும் பரவாயில்லை என்று இருந்தது. நான் தோற்றேன், என் கணவர் தோற்றார், நாத்தனார் தோற்றாள். ஆனால் யாருக்கும் தோற்ற மாதிரியே இல்லை. அந்தக் குத்தகைக்கார அம்மா மட்டும் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் சாக்கு லாரி வரும்வரை களத்தில் சோடாப் பேச்சு போய் நாட்டுப் பேச்சு வந்துவிட்டது. எம்.பி. தேர்தலிலும் இப்படி வைத்தால் என்ன? இவர் வந்தால் எனக்குச் சம்மதம் என்று தோன்றுகிற அத்தனை பேருக்கும் நேராகப் பொத்தானை அழுத்தட்டும். யாருக்கு அதிகம் பேர் சம்மதம் சொல்கிறார்களோ அவர் டெல்லிக்குப் போகட்டும். "எண்ண முடியுமாய்யா?" என்று ஒருத்தர் கேட்க, "மிஷின் எண்ணப்போவுது, உனக்கென்ன கையா வலிக்கப்போவுது?" என்றார் இன்னொருத்தர். டிராக்டர்காரர் ஒருவர் சரியான கேள்வி கேட்டார். "கட்சிக்காரன் சும்மா இருப்பானா? எனக்கு மட்டும்தான் போடணும், வேற யாருக்கும் போடாதன்னு சொல்லுவானே?" சொல்லுவான். அதற்கு அன்றைக்கு யாரிடமும் முழுசாகப் பதில் இல்லை. என்னிடம் இப்போதும் இல்லை. "உள்ள போயி நான் எத்தனை பொத்தானை அழுத்துறேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று குத்தகைக்கார அம்மா சொன்னதுதான் எனக்குத் தெரிந்த நல்ல பதில்.

நான் படித்தவள் இல்லை. பத்தாவதோடு சரி. பெரியவர்கள் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இதில் வேறு ஓட்டை இருக்கலாம். ஆனால் இப்போது இருக்கும் ஓட்டை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதில் நானே விழுந்தேன். பாதிப் பேருக்கு மேல் வேண்டாம் என்று நினைக்கிற ஒருத்தர், மற்றவர்கள் பிரிந்து நிற்பதாலேயே ஜெயித்துவிட்டு, மக்கள் தீர்ப்பு என்று மாலை போட்டுக்கொள்கிறார். யார் முன்னால் போகிறார் என்று தேர்தலுக்கு முன்பிருந்தே டி.வி.யில் டங் டங்கென்று கோலிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு நாமும் மனசை மாற்றிக்கொள்கிறோம். வாக்குச்சாவடி இருக்கிற தெரு முனையில், நான் இஞ்சி டப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற மாதிரியே, கட்சிக்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் சும்மா நிற்கிறார்கள். இதையெல்லாம் மாற்றுவதற்கு வானத்திலிருந்து யாரும் இறங்கி வர வேண்டாம். டப்பாவில் துணி போட்ட மாதிரி, ஐஸை எல்லோருக்கும் பொதுவாக வைத்த மாதிரி, செய்யக்கூடிய வேலைதான்.

அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடப் போவதில்லை என்றுதான் முதலில் இருந்தேன். போனாலும், யாரும் வேண்டாம் என்கிற கடைசிப் பொத்தானை அழுத்திவிட்டு வருவேன். அதற்கு முன்பும் ஒரு தடவை அப்படித்தான் செய்தேன். அந்தப் பொத்தானுக்கு எத்தனை பேர் போட்டாலும் ஜெயிக்கப்போவது என்னவோ ஒரு ஆள்தான். கோபத்தை இறக்கிவிட்டு வரலாம், அவ்வளவுதான். களத்துச் சங்கதிக்கு அப்புறம் அது எனக்குப் போதவில்லை. பிரசாரத்துக்கு எங்கள் தெருவுக்கு வந்த ஒவ்வொரு கட்சிக்காரரையும் நிறுத்தி, உங்கள் ஆள் ஜெயித்தால் இந்த ஓட்டு முறையைப் பற்றிப் பேசுவாரா என்று கேட்டேன். "ஜெயிக்கிற முறையை எதுக்கும்மா மாத்தணும்?" என்று சிரித்தார் ஒருத்தர். இன்னொரு கட்சியில் வந்த ஒரு பெண் மட்டும் நின்று, நார்த்தங்காய் சோடா குடித்துக்கொண்டே கோலிக் கதையை முழுதாகக் கேட்டாள். இரண்டு மூன்று கேள்வியும் கேட்டாள். நல்ல கேள்விகள். அவள் கட்சி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டாள்.

ஓட்டுப் போட்டேன். ஒருத்தருக்கு. இன்னொருத்தருக்கும் போட முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

நார்த்தங்காய் சோடா ஓஹோவென்று ஓடியது என்று பொய் சொல்லமாட்டேன். ஓடியது. பாய் தன் பிரிட்ஜில் எங்களுக்கு ஒரு தட்டு கொடுத்தார். கோடை முடிந்தபோது திரும்பி வந்தவை காலிப் பாட்டில்கள்தான். ஷெட் நின்றது, நாத்தனார் தன் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள். நீலத்தையும் நாங்கள் தூக்கி எறியவில்லை. அதை விரும்புகிறவர்களும் ஆட்கள்தானே. கோயில் திருவிழாவுக்கு மட்டும் கொஞ்சம் போடுகிறோம், அன்றைக்கு ஊரில் பாதி நாக்கு நீலமாகத் திரிகிறது. எனக்கும் நாத்தனாருக்கும் இப்போதும் சண்டை உண்டு. போன வாரம்கூடப் பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷுக்காக நடந்தது.

தோற்றவர்கள் எல்லோரும் போட்டி விதி சரியில்லை என்று சொல்வார்கள், நானும் சொன்னேன், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஜெயித்த கையோடு 'மறுபடி கேட்போம்' என்று சொன்ன ஒருத்தியை நான் என் குடும்பத்திலேயே பார்த்துவிட்டேன், அதனால் அப்படிச் சொல்லக்கூடிய ஒரு ஆளாவது டெல்லிக்குப் போகவே முடியாது என்று இனி எவன் வந்து சொன்னாலும் நான் நம்பப்போவதில்லை.